முதுகு காட்டி நடப்பவள்

அத்தியாயம் பதினான்கு

மூத்த மகன், பெரியவன், நாலு நாளாக வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த நாலு நாளும் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்பதை யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மாடிப்படியில் பெரியவனுக்கும் அவன் மனைவிக்கும் நடுவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மருமகளின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டபோது மாமனார்தான் முந்திக்கொண்டு, "படி வழுக்கிடுச்சுங்க" என்றார். மருமகள் வாயைத் திறக்கவில்லை. சின்னவள் மட்டும் தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து அப்பா அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

இன்று காலை ஒன்பது மணி. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய லாரிக் கொட்டகையில், இரும்புக் கம்பியில் பன்னிரண்டு உடைகள் வரிசையாகத் தொங்கின. பதினொரு மணிக்கு நகர மண்டபத்தில் கண்காட்சி. பன்னிரண்டு கல்லூரிப் பெண்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு மேடையில் நடக்கப்போகிறார்கள்.

அப்பா லாரி ஓட்டிய காலத்தில் வண்டி நின்ற இடம் அது. இப்போது அங்கே ஒரு வெட்டு மேசை, இரண்டு தையல் மெஷின், துணியில் அச்சடிக்கும் மரச்சட்டங்கள், சாயம் கழுவும் தொட்டி. மருமகள் வரைவாள், வெட்டுவாள், தைப்பாள். சின்னவள் அச்சடிப்பாள்.

"அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரைக்குக் கீழே, கையிலே கத்தரிக்கோலை வெச்சுக்கிட்டு, நாலு வருஷமா சண்டை போடாம இருக்கீங்க. துணியை விடுங்க, உங்களைத்தான் கண்காட்சியிலே வைக்கணும்" என்று துணிக்கடைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் செய்த உடைகள் எல்லாமே பழைய அமெரிக்க நாவல்களின் அட்டைகளிலிருந்து பிறந்தவை. அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய மலிவுப் பதிப்புகள். மருமகள் படிக்கிற காலத்தில் நடைபாதைக் கடையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை. மூன்றே நிறத்தில் அச்சான படங்கள். தண்டவாளத்தை வெறித்துக்கொண்டிருக்கும் ஒருவன். வயலுக்கு மேல் கறுத்து வரும் புழுதிப் புயல். இருட்டில் ஒற்றை ஜன்னல் வெளிச்சம்.

படத்தை அவள் அப்படியே ஒட்டமாட்டாள். தண்டவாளம் பாவாடையின் விளிம்பைச் சுற்றி ஓடும். புயல் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். படித்துப் படித்து அட்டை மடங்கி வெளுத்துப்போன கோட்டைக்கூட விடாமல், வெள்ளை நூலால் தையலோட்டி வைப்பாள்.

முதல் உடையைப் பார்த்தபோது மாமனார் சிரித்தார். "புத்தகத்துக்கு அட்டை போடுவாங்க. நீ மனுஷனுக்கே அட்டை போடுறியேம்மா!"

இப்போது அவர் கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தை நாலாவது தடவையாகப் பார்த்தார்.

"வேன் ஒன்பதரைக்குத்தான் வரும்ப்பா. எதுக்கு இப்படித் தவிக்கறீங்க?" என்றாள் சின்னவள், இஸ்திரிப் பெட்டியை ஓட்டியபடி.

"சும்மாதான்" என்றார், வாசலைப் பார்த்து.

மருமகள் மாவுக்கட்டுக் கையால் துணியை அழுத்திக்கொண்டு, வலது கையால் மஞ்சள் கோட்டுக்குக் கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டில் அவளுக்குப் பிடித்தது அதுதான். அதன் முதுகு நிறைய ஒரு பெண்ணின் படம். கையில் பெட்டி. முகம் தெரியாமல், முதுகு காட்டி நடந்துபோகிறாள். ஓரத்தில் ஒரு வீடு, திறந்து கிடக்கும் கதவு. போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்த படத்தில் மருமகள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு திரும்பி நின்றாள்.

நூலைப் பல்லால் கடித்தபோது வாசலில் பைக் வந்து நின்றது.

மருமகளின் கையிலிருந்து ஊசி விழுந்தது.

"நான்தாம்மா வரச் சொன்னேன்" என்று மாமனார் அவசரமாக எழுந்தார். "நல்ல காரியம் நடக்கிற நாள். புருஷன் கூட நிக்கலைன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. போன்லே சொன்னேன். தப்புதான்ப்பான்னான். சத்தியமா சொன்னான்மா."

"அப்பா!" என்றாள் சின்னவள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

பெரியவன் உள்ளே வந்தான். குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முகத்தில் சிரிப்பு. டயர் கடையில் மேலாளர் வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவன் நகக்கண்ணில் ரப்பர் கறுப்பு போகாது.

"எல்லாரும் ஏன் இப்படி முழிக்கறீங்க? கண்காட்சின்னாங்க. பார்க்க வந்தேன்."

கம்பியில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். மேசைக்கு வந்தான். மஞ்சள் கோட்டை எடுத்துத் திருப்பி விரித்தான்.

"இவ எங்கே போறா?"

"யாரு?" என்றாள் மருமகள்.

"இதோ, பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போறாளே, இவ."

"கதையிலே அவ தங்கச்சியைப் பார்க்கப் போறாங்க. உடம்பு சரியில்லாத தங்கச்சி."

"நான் கதையைக் கேட்கலே."

சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் மாறிவிட்டது.

"பேப்பர்லே வந்த உன் படத்தை வெட்டி, கடையிலே காத்தடிக்கிற மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கானுங்க. அந்தக் கதவு இருக்கு பாரு, அதுக்குள்ளே என் மூஞ்சியை வரைஞ்சு வெச்சிருக்கானுங்க. கீழே என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'அண்ணி எங்கே கிளம்பிட்டாங்க?' எனக்குக் கீழே வேலை பார்க்கிறவன் எழுதியிருக்கான். நான் அதுக்குக் கீழேயே நின்னு டீ குடிச்சேன்."

"அது வெறும் அட்டைப் படம்ங்க. நான் எங்கேயும் போறதா நினைக்கவே இல்லை."

"ஊருக்கே சொல்லிட்டு, என்கிட்டே இல்லைன்னு சொல்றியா?"

பேண்ட்டின் பின்பக்கப் பையிலிருந்து ரப்பர் அறுக்கும் கத்தியை எடுத்தான். கோட்டின் தோள்பட்டையில் குத்தி விளிம்பு வரைக்கும் ஒரே இழுப்பு. மஞ்சள் கோட்டு இரண்டாகப் பிளந்தது.

மருமகள் கத்திக்கொண்டு பாய்ந்தாள். அவன் அவள் தலைமுடியைக் கையில் சுற்றி இழுத்து, மேசை விளிம்பில் முகத்தை மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியில் பரவியது.

"அண்ணா, விடு! விடுன்னா!" சின்னவள் அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் முழங்கையைப் பின்னால் வீசினான். அவள் உதடு கிழிந்தது. தொட்டியோரம் போய் விழுந்தாள்.

"டேய்… டேய்…" என்றார் அப்பா. முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியை நிறுத்தியவர். அவர் கால்கள் தரையில் முளைத்தது போல் நின்றன.

அடுத்து நடந்தது எல்லாம் இரண்டு நிமிஷத்துக்குள்.

அச்சுச் சட்டங்களைத் துடைக்க மூலையில் தின்னர் கேன் இருந்தது. பெரியவன் அதை எடுத்து, கம்பியில் தொங்கிய உடைகள் மேல் வீசி வீசி ஊற்றினான். மீதியை மேசையடியில் சுருண்டு கிடந்த மனைவியின் தோளில் கொட்டினான். நெடி எல்லோர் கண்ணையும் எரித்தது.

"கிளம்பணும்னியே? கிளம்பு."

சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தான்.

சின்னவளின் கைக்கு அகப்பட்டது ஒரு மரச்சட்டம். தேக்கு மரம். ஒரு கையால் தூக்க முடியாது. இரண்டு கையாலும் தூக்கி, தன் உடம்புப் பாரம் முழுவதையும் சேர்த்து அண்ணன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் காய்ந்த குச்சி ஒடிவது போல் கேட்டது.

அவன் அலறினான். லைட்டர் அவன் விரலிலிருந்து நழுவியது. ஆனால் அதற்குள் அது பற்றியிருந்தது.

தரையிலிருந்த ஈரத்தின் மேல் நீல நெருப்பு ஓடியது. ஓடி, கம்பியில் ஏறியது. புழுதிப் புயல் எரிந்தது. தண்டவாளம் எரிந்தது. மருமகளின் தோள் எரிந்தது.

சின்னவள் யோசிக்கவில்லை. தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த கனத்த துணியை வாரி அண்ணியின் மேல் போட்டு, அவள் மேலேயே விழுந்து அழுத்தினாள். ஈரத்துக்கு அடியில் அண்ணியின் அலறல் புதைந்து கேட்டது.

"அணைஞ்சிடுச்சு அண்ணி, அணைஞ்சிடுச்சு!"

புகையில் எதுவும் தெரியவில்லை. யாரோ சின்னவளின் பின்கழுத்தைப் பிடித்துத் தூக்கி வீசினார்கள். அண்ணன். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையில் கத்தி. மனைவியின் மார்பில் முழங்காலை ஊன்றினான்.

"என் கையை உடைச்சிட்டீங்க இல்லே… ரெண்டு பேரும் சேர்ந்து…"

முதல் வெட்டு மாவுக்கட்டில் விழுந்தது. மருமகள் அந்தக் கையைத்தான் முகத்துக்கு மேல் தூக்கியிருந்தாள். இரண்டாவது வெட்டு முழங்கைக்கு மேல் சதையைக் கிழித்தது. அவன் மூன்றாவது தடவை ஓங்கினான்.

அவள் வலது கை மேசையின் கால் பக்கம் துழாவியது. கலைந்து விழுந்த சாமான்களுக்கு நடுவில் வெட்டுக் கத்தரி. தினமும் எட்டு மணி நேரம் பிடித்த கத்தரி அது. பார்க்காமலே கைப்பிடிக்குள் விரல் போய்விடும்.

கீழிருந்து மேலே, விலா எலும்புக்குக் கீழே, குத்தினாள்.

பெரியவன் அவள் மேலிருந்து எழுந்து, இரண்டடி பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான். தன் வயிற்றையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

அப்போதுதான் அப்பாவின் கால்கள் அசைந்தன. பாதி இறக்கியிருந்த ஷட்டரை முழுக்க மேலே தள்ளினார். வாசலோரத்து மண் வாளிகளை எடுத்து நெருப்பில் கொட்டினார். மகனைத் தோளுக்கடியில் கை கொடுத்து வெளியே இழுத்தார். திரும்பி வந்து மருமகளைத் தூக்கினார். அவள் எடை அவ்வளவு குறைவாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

உடைகளை ஏற்றிப்போக வந்த வேன் வாசலில் நின்றது. அதன் டிரைவர் வெளிறிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்திருந்தான்.

"இறங்குப்பா. நான் ஓட்டறேன்" என்றார் அப்பா.

வேனுக்குள் சின்னவள் அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். எரியாமல் தப்பிய சிவப்புச் சட்டை ஒன்றைச் சுருட்டி அண்ணன் வயிற்றில் அழுத்திப் பிடித்தாள். சிவப்புத் துணியில் ரத்தம் எவ்வளவு என்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது. இன்னொரு கையை அண்ணி பிடித்திருந்தாள். நகம் பதிய, விடாமல்.

பாதி வழியில் போன் அடித்தது. கண்காட்சி நடத்தும் அம்மாள்.

"பொண்ணுங்க எல்லாம் ரெடியா நிக்கறாங்கம்மா. வேன் கிளம்பிடுச்சா?"

"கிளம்பிடுச்சுங்க" என்றாள் சின்னவள். "ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கு."

அவசரப் பிரிவில் அண்ணனையும் அண்ணியையும் ஒரே அறையில், நடுவில் ஒரு பச்சைத் திரை போட்டுப் படுக்க வைத்தார்கள். அண்ணியின் இடது தோளிலிருந்து கழுத்து வரை வெந்திருந்தது. நர்ஸ் துணியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டத்தையே பார்த்தாள்.

பத்தரை மணிக்குப் பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். முதலில் பெரியவனிடம் போனார். அவனுக்கு நினைவு இருந்தது. குரலும் இருந்தது.

"அவதான் குத்தினா. நான் அவளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். தின்னர் கொட்டித் தீப்பிடிச்சது. காப்பாத்தப் போனேன். குத்திட்டா. எங்கப்பாவைக் கேளுங்க. அவரு அங்கேதான் நின்னாரு."

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தான். அதில் கெஞ்சல் இல்லை. சின்ன வயதிலிருந்து பழகிப்போன நிச்சயம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருவன் மண்டையை உடைத்தபோது, "விளையாட்டிலே பட்டுடுச்சு சார்" என்று சொன்ன அப்பா. படி வழுக்கிவிட்டது என்று சொன்ன அப்பா.

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைத் திருப்பினார். "சொல்லுங்க ஐயா. நீங்க என்ன பார்த்தீங்க?"

அப்பா தன் கைகளைப் பார்த்தார். நகங்களில் கரி. சட்டையில் இரண்டு பேர் ரத்தம்.

"அவனை வரச் சொன்னது நான்" என்றார். "அதை முதல்லே எழுதிக்குங்க."

"சரி."

"கோட்டைக் கிழிச்சான். தலைமுடியைப் பிடிச்சு மேசையிலே மோதினான். ரெண்டு தடவை. தின்னரை அவ மேலே ஊத்தினான். லைட்டரை அவன்தான் பத்த வெச்சான். நெருப்பை அணைச்சது என் பொண்ணு. அணைச்ச பிறகும் கத்தியை எடுத்துக்கிட்டு அவ மார்மேலே ஏறினான். ரெண்டு வெட்டு வெட்டினான். மூணாவதுக்கு ஓங்கினப்பதான் அவ குத்தினா."

"நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"நின்னுக்கிட்டிருந்தேன்."

சப்-இன்ஸ்பெக்டரின் பேனா நின்றுவிட்டது.

"இன்னொண்ணும் எழுதிக்குங்கம்மா. நாலு நாளைக்கு முன்னாலே படி வழுக்கலே. இவன்தான் தள்ளினான். நான்தான் பொய் சொன்னேன்."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு விம்மல் கேட்டது. அவ்வளவு வலியிலும் அழாத மருமகள் இப்போது அழுதாள்.

"அப்பா." பெரியவன் தலையைத் தூக்கினான். "வெளியிலே வருவேன்ப்பா. வந்ததும் முதல்லே உன்னைத்தான் பார்க்க வருவேன்."

"வா" என்றார் அப்பா. "அந்த வீட்டிலே நான் மட்டும்தான் இருப்பேன்."

நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக விழுந்தது.

பெரியவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முகம் சாம்பல் நிறமாக மாறியது. கருவி ஒன்று விடாமல் கத்த ஆரம்பித்தது. டாக்டரும் நர்சும் ஓடி வந்தார்கள். அடுத்த நிமிஷம் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கால் மணி கழித்து டாக்டர் வெளியே வந்தார். இளம் வயது. முகத்தில் அவசரம்.

"உள்ளே ஈரல்லே பட்டிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும். ஓ நெகட்டிவ் ரத்தம். எங்ககிட்டே ஒரு பாட்டில்தான் இருக்கு. சொல்லி விட்டிருக்கோம், வர ரெண்டு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் தாங்காது. வீட்டிலே யாருக்காவது அதே வகை இருக்கா?"

அப்பா மெதுவாகச் சின்னவள் பக்கம் திரும்பினார். நாலு நாளுக்குப் பிறகு இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

கல்லூரியில் ரத்ததான முகாமில் கொடுத்த 'ஓ நெகட்டிவ்' அட்டை சின்னவளின் பர்சில்தான் இருந்தது. எடுக்கவில்லை. கிழிந்த உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். வேனில் எப்படி அந்தத் துணியை அழுத்திப் பிடித்தோம் என்று அவளுக்கு இப்போது புரியவில்லை. அப்போது கை தானாகச் செய்தது. இப்போது மனசு குறுக்கே நின்றது.

எழுந்து பச்சைத் திரையை விலக்கி உள்ளே போனாள்.

அண்ணி விழித்திருந்தாள். மூக்கு வீங்கி, ஒரு கண் பாதி மூடி, கழுத்து முழுக்க மருந்து. டாக்டர் சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது.

"அண்ணி, என்னால முடியாது" என்றாள் சின்னவள். "நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

அண்ணி சின்னவளின் கிழிந்த உதட்டைப் பார்த்தாள். பேசியபோது ஒவ்வொரு சொல்லும் வெந்த கழுத்தைக் கடந்து வந்தது.

"குடு."

"அண்ணி!"

"அவன் பொழைக்கணும். செத்துட்டா, பாவம் டயர் கடைக்காரன், பொண்டாட்டி குத்திக் கொன்னுட்டாளேன்னு பேச்சு போயிடும். பொழைச்சு வந்து கூண்டிலே நிக்கணும். நான் எதிர்லே நின்னு சொல்லணும், ஒண்ணு விடாம. அவன் கேட்கணும்."

சின்னவள் அவளையே பார்த்தாள். ஆறு வருஷத்தில், அடி வாங்கிய நாளில்கூட, அண்ணி வாயிலிருந்து 'அவர்' என்றுதான் வந்திருக்கிறது. 'அவன்' என்று இன்றுதான் முதல் தடவை கேட்டாள்.

நர்ஸ் வாசலில் எட்டிப் பார்த்தார். "யாரு வர்றீங்க? சீக்கிரம் சொல்லுங்க."

சின்னவள் எழுந்தாள்.

"நான்."

"நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?"

அதற்குப் பதில் சொல்லாமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டே அவள் நர்சுக்கு முன்னால் நடந்தாள். அறுவை அறையின் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. கதவோரம், பெரியவனுக்கான விலங்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு போலீஸ்காரர் காத்து நின்றார்.